நார்வேஜியன் ஒன்று படித்தால் மற்ற இரண்டும் இலவசமா? ஸ்காண்டிநேவிய மேற்படிப்பு பற்றிய இழை

புதுவிதை · 6 சனவரி 2024

ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடிந்தது. அடுத்து ஸ்காண்டிநேவிய மொழி, இலக்கியத்தில் முதுகலை. கைகூடினால் முனைவர் பட்டம். ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான்: "நார்வேஜியன் படி, ஸ்வீடிஷும் டேனிஷும் கூடவே வந்துவிடும்." நிஜமா? சாகாக்களையும், அதாவது ஐஸ்லாந்தின் இடைக்கால உரைநடைக் கதைகளையும், மூலத்தில் படிக்க வேண்டும். அதற்கும் இதே நார்வேஜியன் போதுமா, ஐஸ்லாந்து மொழியைத் தனியாகப் படிக்கணுமா?

ஓலைப்பெட்டி · 6 சனவரி 2024

மூன்று வராது. ஒன்றரை வரும்.

1814 வரை நார்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. அங்கே எழுத்து மொழி டேனிஷ். இன்று பெரும்பான்மையோர் எழுதும் பூக்மோல், அந்த டேனிஷை நார்வே நகரத்தார் வாய்க்குத் தக்கபடி 1907, 1917, 1938 என்று தவணை முறையில் திருத்தித் திருத்தி வந்தது. ஆகவே பூக்மோல் தெரிந்தவர் டேனிஷ் நாளிதழை வாசிப்பது மதுரைக்காரர் யாழ்ப்பாணத்து நாளிதழை வாசிக்கிற மாதிரி. நாலைந்து சொல் இடறும், பொருள் நழுவாது. ஸ்வீடிஷ் எழுத்துக்கூட்டலிலும் சொல்லிலும் கொஞ்சம் எட்ட நிற்கும். அகராதியோடு சில வாரம் உட்கார்ந்தால் வாசிப்பு பிடிபடும்.

இதெல்லாம் கண்ணுக்கு. காதுக்கு அல்ல. டேனிஷ் பேச்சில் மெய்கள் கரைந்துபோகும், சொல்லின் நடுவே தொண்டையில் ஒரு நெரிப்பு வரும், ஸ்டொட் என்பார்கள். அந்த இடத்தில் ஸ்வீடிஷும் நார்வேஜியனும் குரலை ஏற்றி இறக்கும். ஸ்வீடிஷில் 'ஆண்டென்' என்பதை ஒரு ஏற்றத்தில் சொன்னால் அந்த வாத்து, இன்னொரு ஏற்றத்தில் அந்த ஆவி. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

சாகாவுக்குப் பூக்மோல் போதாது. அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

அரைப்புள்ளி · 7 சனவரி 2024

இலவசமாக வருவதில் கண்ணிவெடியும் உண்டு. 'ரூலிக்' என்றால் ஸ்வீடனில் வேடிக்கையானது, நார்வேயிலும் டென்மார்க்கிலும் அமைதியானது. 'ஃப்ரூகோஸ்ட்' நார்வேயில் காலைச் சாப்பாடு, டென்மார்க்கில் மதியச் சாப்பாடு. 'ரார்' ஸ்வீடனில் அன்பானவர், நார்வேயில் ஒரு மாதிரியான ஆள். 'பி' ஸ்வீடனில் கிராமம், மற்ற இரண்டிலும் நகரம். 'செமெஸ்டர்' ஸ்வீடனில் விடுமுறை. மொழிபெயர்ப்புத் தேர்வில் மார்க் போவது தெரியாத சொல்லில் அல்ல, தெரிந்ததாக நினைத்த சொல்லில்.

டேனிஷ் எண்களை ஏன் யாரும் சொல்லவில்லை? 50 அங்கே 'ஹால்ட்ரெஸ்', அதாவது மூன்றாவதில் பாதி, இருபதால் பெருக்கு: இரண்டரை இருபது. 60 மூன்று இருபது. 70 மூன்றரை இருபது. 80 நான்கு இருபது, 90 நாலரை இருபது. அரையை எண்ணோடு சேர்த்துப் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஸ்வீடன்காரர்கள்தான் இதற்கு அழுவார்கள்.

ஓலைப்பெட்டி · 7 சனவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. நார்வேஜியன் என்பது ஒரே எழுத்து மொழி என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இரண்டு உண்டு. ஈவார் ஓசென் ஊர் ஊராக அலைந்து வட்டார வழக்குகளைத் திரட்டி 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அந்த அடித்தளத்தில் எழுந்தது நீநொர்ஸ்க். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை தந்தது. பூக்மோல், நீநொர்ஸ்க் என்ற இன்றைய பெயர்கள் 1929இல் வந்தவை. பூக்மோல் மட்டும் படித்தவர் மேற்கு நார்வேக் கவிதையில் முட்டி நிற்பார். முதுகலைக்குப் போகிறவர் நீநொர்ஸ்கை எழுத வேண்டியதில்லை, தடுமாறாமல் வாசிக்க வேண்டும். முதல் வருடத்திலேயே வாரம் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஃபின்னிஷ் இந்தக் குடும்பமே இல்லை. சாமி மொழிகளும் இல்லை. துறைப் பெயரில் 'நார்டிக்' என்று இருந்தால் ஃபின்னிஷும் உள்ளே இருக்கலாம். 'ஸ்காண்டிநேவிய' என்று பெயர் வைத்துக்கொண்டு ஃபின்னிஷ் நடத்தும் துறைகளும் உண்டு. பெயரை நம்பாமல் பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

புதுவிதை · 8 சனவரி 2024

காலக்கணக்கு ஏதாவது? ஒரு வருடத்தில் வாசிக்கிற அளவுக்கு வருமா?

தென்கரை · 8 சனவரி 2024

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் வைத்திருக்கும் பட்டியலில் டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றுக்கும் 24 வாரம், ஐஸ்லாந்து மொழிக்கு 44 வாரம். அது ஆங்கிலம் தாய்மொழியான, முழுநேரம் படிக்கிற ஆளுக்கு. நல்ல ஆங்கிலம் உள்ள தமிழருக்குச் சொல் பிரச்சினை இல்லை, சொல்லொழுங்கில்தான் இடறும். வினை எப்போதும் இரண்டாம் இடம். வாக்கியத்தை 'இன்று' என்று தொடங்கினால் அடுத்தது வினை, அதற்குப் பிறகுதான் எழுவாய். துணைவாக்கியத்தில் 'இல்லை'க்கான சொல் வினைக்கு முன்னால் தாவிவிடும். வினையைக் கடைசியில் எதிர்பார்த்தே வளர்ந்த நமக்கு இரண்டுமே கை பழகத்தான் வரும். ஒரு பத்தியை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் காலச்சொல்லில் தொடங்கித் திருப்பி எழுதுங்கள், தினம் பத்து வாக்கியம். இலக்கண நூலை மூன்று முறை படிப்பதைவிட இது வேலை செய்யும்.

ஓலைப்பெட்டி · 9 சனவரி 2024

பழைய நோர்ஸ், அதாவது சாகாக்களின் மொழி. இது நீளும்.

நான்கு வேற்றுமை, மூன்று பால். பெயரடைக்கு வன்மை, மென்மை என்று இரண்டு வரிசை. வன்வினைகளில் ஏழு வகுப்பு. இவ்வளவையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். ஆளை வீழ்த்துவது உயிர்மாற்றம். பின்னால் வரும், அல்லது ஒரு காலத்தில் வந்து தேய்ந்துபோன, 'உ' முன்னால் உள்ள 'அ'வை வளைத்துவிடும். 'லாண்ட்' நாடு, பன்மையில் 'லோண்ட்'. வளைத்த 'உ' எப்போதோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. 'மோன்னும்' என்று வந்தால் அகராதியில் அந்த இடத்தில் இருக்காது. 'மாத்ர்', அதாவது மனிதன், என்ற தலைச்சொல்லுக்குப் போக வேண்டும். 'கெக்' என்றால் போனான். அது 'கங்கா' என்ற வினையின் கீழ் இருக்கும். முதல் மூன்று மாதம் ஒரு மணி நேரத்தில் பத்து வரி நகர்ந்தால் நல்ல வேகம். அதில் பாதி நேரம் தலைச்சொல்லைக் கண்டுபிடிக்கவே போகும். தேறாதவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வைத்தால் முடிந்தது, பொருள் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, கண் வேற்றுமை உருபைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறது.

அகராதிக்கு 1910இல் வந்த ஸோயேகாவின் சிறு அகராதி தொடக்கத்துக்குப் போதும், இணையத்தில் இலவசம். கிளீஸ்பி, விக்ஃபுசொன் தொகுத்த 1874ஆம் ஆண்டுப் பெரிய அகராதியும் அப்படியே. 1892இல் லண்டனில் தொடங்கிய வைக்கிங் சொசைட்டி தன் பாடநூல்கள் பலவற்றை பிடிஎஃப் ஆகவே வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் முன் அங்கே தேடுங்கள்.

முதலில் உரைநடை. குறுஞ்சாகாக்கள் பத்துப் பதினைந்து பக்கத்தில் முடியும், வாக்கியம் சின்னது, சொல் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பிறகு எட்டா என்கிற பழைய புராண, வீரப் பாடல்கள். ஸ்கால்டுகள் என்ற அரசவைப் புலவர்களின் செய்யுளைக் கடைசிக்கு வையுங்கள்.

அரைப்புள்ளி · 9 சனவரி 2024

ஏன் கடைசிக்கு என்று சொல்லவில்லையே. தமிழ் யாப்பு தெரிந்தவருக்கு அதுதான் விருந்து.

ஸ்கால்டுகளின் முதன்மைப் பாவகை ட்ரோட்க்வெட். அந்தப் பாவுக்கு எட்டு அடி, அடிக்கு ஆறு அசை, நான்கு நான்காக இரண்டு பாதி. ஒற்றைப்படை அடியில் இரண்டு இடத்தில் மோனை. அடுத்த அடியின் முதல் அசை அதே மோனையைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் அடிக்குள்ளேயே ஒலியொப்பு: ஒற்றைப்படை அடியில் மெய் ஒன்றி உயிர் மாறும், இரட்டைப்படை அடியில் உயிரும் மெய்யும் ஒன்றும். அசைக்கணக்கு மட்டும் நம்முடையதல்ல. நேர், நிரை என்று அலகிடப் போகாதீர்கள்.

ஓலைப்பெட்டி · 10 சனவரி 2024

விருந்துதான், ஆனால் உமி நீக்காத விருந்து. சொற்கள் வரிசையில் நிற்காது. ஒரு வாக்கியத்தின் எழுவாய் முதல் அடியில், வினை மூன்றாம் அடியில், நடுவே இன்னொரு வாக்கியம் குறுக்கே ஓடும். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: கொண்டுகூட்டு. சொற்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கூட்டினால்தான் பொருள். ஆங்கிலம் வழியாக வருகிற மாணவருக்கு இதை விளக்க ஒரு வகுப்பு ஆகும், நன்னூல் படித்தவருக்கு ஒரு சொல் போதும்.

எப்படிக் கூட்டுவது என்பதே ஆய்வுச் சண்டை. ஃபின்னுர் யோன்சொன் 1912 முதல் 1915 வரை ஸ்கால்டுப் பாக்கள் அனைத்தையும் நான்கு தொகுதியாகப் பதிப்பித்தார்: இரண்டில் சுவடியில் உள்ளபடி, இரண்டில் திருத்திய பாடமும் டேனிஷ் பெயர்ப்பும். அவர் சொற்களைத் தாறுமாறாகப் பிய்த்து ஒட்டுகிறார் என்று லுண்ட் நகரத்து எர்ன்ஸ்ட் ஆல்பின் கொக் 1923 முதல் குறிப்புக் குறிப்பாக அடுக்கினார். 2007 முதல் புதுப் பதிப்பு ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக வருகிறது. முதுகலைக் கட்டுரைக்கு ஒரு பாவை எடுத்தால் மூவரும் எப்படிக் கூட்டினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கட்டுரையில் பாதி அதிலேயே இருக்கும்.

டேனிஷ் பெயர்ப்பு என்றேனே, கவனித்தீர்களா? பழைய நோர்ஸ் படிக்கவும் டேனிஷ் வாசிப்பு வேண்டும். நூறாண்டுப் பதிப்புகளும் விளக்கங்களும் அந்த மொழியில் கிடக்கின்றன.

தென்கரை · 10 சனவரி 2024

ஜெர்மனும். அடோல்ஃப் நொரேன் உப்சாலாவில் இருந்த ஸ்வீடன்காரர். அவர் பழைய நோர்ஸ் இலக்கணத்தை எழுதியதே ஜெர்மனில். அமெரிக்க முனைவர் திட்டங்கள் வைக்கும் வாசிப்புத் தேர்வுக்கு ஜெர்மனை எடுத்தால் ஒரே கல்லில் இரண்டு.

புதுவிதை · 11 சனவரி 2024

ஐஸ்லாந்துக்காரர்கள் 13ஆம் நூற்றாண்டு சாகாவை இன்றைய நாளிதழ் போலப் படிப்பார்களாமே? அப்படியானால் நவீன ஐஸ்லாந்து மொழி கற்றால் பழைய நோர்ஸ் கையில் வந்துவிடுமில்லையா? இங்கேயாவது ஒன்றுக்கு ஒன்று இலவசம்?

ஓலைப்பெட்டி · 11 சனவரி 2024

இங்கே உண்டு, கிட்டத்தட்ட. வேற்றுமை, வினைத்திரிபு எல்லாம் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. ஆனால் அவர்கள் படிப்பது எழுத்துக்கூட்டலை இன்றைக்கு மாற்றிய பதிப்பு. சுவடியை நீட்டினால் அவர்களும் பயிற்சி எடுக்க வேண்டியதுதான். உச்சரிப்பும் மாறிவிட்டது: பழைய நெடில்கள் பல கூட்டுயிர் ஆகிவிட்டன. உயிரின் நெடிலும் குறிலும் அசையைப் பார்த்துத் தீர்மானமாகும் நிலை பிறகு வந்தது. இன்றைய உச்சரிப்போடு பாவைப் படித்தால் அசைக்கணக்கில் தவறுவீர்கள். பல பல்கலைக்கழகங்களில் பழைய நோர்ஸை இன்றைய ஐஸ்லாந்து உச்சரிப்பில்தான் வாசிக்கிறார்கள். அது வசதிக்கு, வரலாற்றுக்கு அல்ல.

சுவடி என்றதும் ஒன்று. நம் பழைய ஓலையில் புள்ளி இருக்காது; மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்துப் படிப்போம். தோல்சுவடியில் அதே வேலை சுருக்கக்குறிகளில். எழுத்தின் மேல் ஒரு கோடு என்றால் மூக்கொலி ஒன்று விடுபட்டிருக்கிறது. தோர்ன் (þ) எழுத்தின் தண்டுக்குக் குறுக்கே கோடு போட்டால் முழுச்சொல். '7' போன்ற ஒரு குறி 'உம்' ஆகும், அவர்களின் 'ஒக்'. இவற்றைப் பெயர்த்து எழுத மூன்று நிலை: குறியைக் குறியாகவே விடுவது, குறியை விரித்து விரித்த எழுத்தைச் சாய்வாகக் காட்டுவது, எழுத்துக்கூட்டலைச் சீராக்குவது. பயிற்சிக்கு ஒரே பக்கத்தை மூன்று நிலையிலும் எழுதுங்கள். ஐஸ்லாந்துத் தளமான ஹான்ட்ரிட்டில் படங்கள் இலவசம்.

சுவடி எண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டும். 'ஏ.எம்.' என்றால் ஆர்னி மாக்னுசொன் திரட்டியது, 'ஜி.கே.எஸ்.' என்றால் கோபன்ஹேகன் அரச நூலகத்தின் பழைய தொகுப்பு. கடைசியில் வருவது அளவு: ஃபோலியோ, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று. எட்டாப் பாடல்களின் முதன்மைச் சுவடி ஜி.கே.எஸ். 2365, நான்கில் ஒன்று அளவு. 45 இதழ் மிச்சம், நடுவே 8 இதழ் காணோம். எண்ணில் கோபன்ஹேகன் பெயர் இருந்தாலும் சுவடி அங்கே இருக்கும் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். 1971 முதல் 1997 வரை பெரும்பங்கு ரெய்க்யவிக் திரும்பிவிட்டது. முதலில் போனவற்றில் ஒன்று இந்த எட்டாச் சுவடி. மீதி கோபன்ஹேகனில். போகும் முன் எது எங்கே என்று பட்டியலில் பார்த்துவிட வேண்டும்.

தென்கரை · 13 சனவரி 2024

எல்லாரும் மொழியில் மூழ்கிவிட்டீர்கள். இடமும் காசும் யார் பேசுவது?

அமெரிக்கா: மாடிசனில் 1875 முதல், சியாட்டிலில் 1909 முதல் இந்தத் துறை நடக்கிறது, பெர்க்லியும் உண்டு. மாடிசனில் இப்போது ஜெர்மன், ஸ்லாவியத்தோடு ஒரே கூரை. முனைவர் மாணவருக்குச் சம்பளம் வருவது பெரும்பாலும் முதலாண்டு மொழி வகுப்பு நடத்துவதில். இது விளம்பரத்தில் இருக்காது. பழைய நோர்ஸில் புலியாக இருந்து ஸ்வீடிஷ், நார்வேஜியன், டேனிஷ் எதையும் பேசி நடத்தத் தெரியாதவரைத் துறை எப்படித் தாங்கும்? ஆகவே ஒரு மொழியாவது வகுப்பெடுக்கும் அளவு வேண்டும். முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: எதைப் பேசி நடத்தப் போகிறீர்களோ அதில் தொடங்குங்கள். மற்றவை வாசிப்புக்கு.

நார்டிக் நாடுகள்: முனைவர் படிப்பு அங்கே வேலை. விளம்பரம் வரும், பதவிக்கு விண்ணப்பம் போடணும், மாதச் சம்பளம். டென்மார்க்கில் 3 ஆண்டு; நார்வேயில் 3, அல்லது கால் பங்கு கற்பித்தலோடு 4; ஸ்வீடனில் முழுநேரமாக 4. வருடம் முழுக்கச் சேர்க்கை என்று எதுவும் இல்லை, உங்கள் துறையில் இடம் விழும்வரை காத்திருக்க வேண்டும். கையில் 120 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் படிப்புப் புள்ளி) முதுகலையும், அதற்கு எழுதி முடித்த ஆய்வேடும் இல்லாவிட்டால் பெரும்பாலும் உள்ளே பார்க்க மாட்டார்கள்.

முதுகலைக் கட்டணம், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவருக்கு: டென்மார்க் 2006 முதல், ஸ்வீடன் 2011 முதல் வாங்குகின்றன. நார்வே 2023 இலையுதிர் பருவத்தில் சேர்ந்துகொண்டது. "நார்வேயில் படிப்பு இலவசம்" என்கிற பழைய காணொளிகளை நம்பாதீர்கள். ஐஸ்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்தில் 2024இல் பதிவுக் கட்டணம் மட்டும்தான் இருந்தது. நமக்கான கடைசி நாள் அப்போது பிப்ரவரி 1. வைக்கிங், இடைக்கால நோர்ஸ் முதுகலை அங்கே ஆங்கிலத்தில், 2 ஆண்டு, 120 ஈசிடிஎஸ், நடுவே ஒரு பருவம் வேறு நாட்டில். ஸ்வீடனுக்கு ஒரே பொதுத் தளம், விண்ணப்பத்துக்கு 900 குரோனா, 2024இல் கடைசி நாள் சனவரி 15. அவசரப்படாதீர்கள்: ஸ்வீடிஷ் இலக்கிய, மொழியியல் முதுகலைகள் பெரும்பாலும் ஸ்வீடிஷிலேயே நடக்கும். டிசுஸ் போன்ற ஸ்வீடிஷ் மொழித்திறன் தேர்வில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றையும் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

ஜெர்மனி: கீல், பெர்லின், கிரைஃப்ஸ்வால்ட், ஃப்ரைபுர்க் என்று பல ஊரில் துறை. கட்டணம் கிடையாது.

அரைப்புள்ளி · 13 சனவரி 2024

ஃப்ரைபுர்க் இருப்பது பாடன் வுர்டம்பெர்க் மாநிலத்தில். 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ.

தென்கரை · 13 சனவரி 2024

சரி. ஃப்ரைபுர்க்கை வெட்டிவிடுங்கள். அதே மாநிலம் என்பதால் ட்யூபிங்கனையும். மற்ற மூன்றும் நிற்கும். வகுப்பு ஜெர்மனில், அதை மறக்கவேண்டாம்.

ஓலைப்பெட்டி · 16 சனவரி 2024

விண்ணப்பத்தோடு போகும் எழுத்து மாதிரி பற்றி. 15 முதல் 25 பக்கம் கேட்பார்கள். மேற்கோளை மூலமொழியில் கொடுத்து, கீழே உங்கள் பெயர்ப்பு. ஆங்கிலப் பெயர்ப்பை மட்டும் மேற்கோளிட்டால் மொழி தெரியாதவர் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் மேற்கோளிடுவது அடுத்த தவறு. நார்வே நாடகாசிரியர் இப்சனை எடுத்தால் அவர் எழுத்துக்கூட்டலே காலத்துக்குக் காலம் மாறும். 1869இல் ஸ்டாக்ஹோமில் நடந்த எழுத்துக்கூட்டல் மாநாட்டுக்குப் போய் வந்தபின் பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து போடுவதை விட்டுவிட்டார். திருத்திய மலிவுப் பதிப்பை வைத்துக்கொண்டு அவர் நடையைப் பேசினால் பேசுவது பதிப்பாளர் நடையை.

ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெரியும் அப்படித்தான். 1906க்கு முன்னால் ஸ்வீடிஷில் 'வ' ஒலியை நான்கு விதமாக எழுதினார்கள். வினைக்குப் பன்மை வடிவம் வேறு இருந்தது, பேச்சில் செத்து எழுத்தில் மட்டும் 1940கள் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. டேனிஷில் பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து போனதும், இரட்டை 'a' போய் வட்டம் போட்ட 'å' வந்ததும் 1948இல். இந்த ஆண்டுகளை மனதில் வைத்தால் தேதி இல்லாத அச்சுத் தாளையும் உத்தேசமாகக் கணிக்கலாம்.

ஸ்வீடிஷ் அகாதமியின் பேரகராதிக்கு முதல் தொகுதி 1898, கடைசித் தொகுதி 2023. முதல் எழுத்துகளின் விளக்கம் 19ஆம் நூற்றாண்டின் கண். அதில் ஒரு சொல் இல்லை என்றால் சொல்லே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

புதுவிதை · 19 சனவரி 2024

தலைப்பு எடுப்பதில் யோசனை. எல்லாரும் வைக்கிங் என்கிறார்கள். தமிழ் தெரிவதால் ஏதாவது பயன்?

ஓலைப்பெட்டி · 20 சனவரி 2024

தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ் கையில் இருந்த ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு போட்டவர் டேனிஷ் கப்பற்படைத் தலைவர் ஓவே கெத்தே. நிர்வாக ஆவணங்கள் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில். லூதரன் மிஷன் தாள்களில் பெரும்பகுதி ஜெர்மனியில் ஹால்லே நகரில், ஜெர்மனில். டேனிஷ் படித்தவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் படித்தவருக்கு டேனிஷ் கையெழுத்து தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நாற்காலி பெரும்பாலும் காலி.

தடை மொழி அல்ல, கையெழுத்து. டென்மார்க்கில் பள்ளிகள் 1875இல் கோதிக் கையெழுத்தைக் கைவிடும்வரை எல்லாத் தாளும் அதில்தான். 'e' எழுத்து பார்க்க 'n' போல. 'u'வின் தலையில் ஒரு கொக்கி, அது இல்லாவிட்டால் அதுவும் 'n'. பிறமொழிச் சொற்களை மட்டும் இடையிடையே லத்தீன் கையெழுத்தில் எழுதுவார்கள், அது பிடிமானம்.

பழகும் வழி: பின்னாலிருந்து முன்னால் போங்கள். 1814 வாக்கில் டென்மார்க்கில் தேவாலயப் பதிவேடுகளுக்கு அச்சிட்ட கட்டங்கள் வந்துவிட்டன. பெயர், தேதி, பெற்றோர் என்று கட்டமே சொல்வதால் உள்ளே என்ன சொல் வரும் என்று பாதி ஊகிக்கலாம். அதில் ஒரு மாதம். பிறகு கட்டமில்லாத 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடு. அதற்குப் பிறகு கடிதம், கணக்கு. ஒவ்வொரு எழுத்தரின் கைக்கும் ஒரு தாளில் அகரவரிசை தயாரியுங்கள், தெளிவான சொல்லில் இருந்து எழுத்தை வெட்டி ஒட்டி. நீங்களும் அந்தக் கையில் எழுதிப் பழகுங்கள். கோடு எந்தத் திசையில் ஓடியது என்று விரலுக்குத் தெரிந்தால் கண்ணுக்கும் தெரியும். ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்பில் விட்டுவிட்டு மேலே போக வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.

கணக்கேட்டில் 'ஃபானோ', 'காஸ்' வரும். பணம், காசுதான். 80 காசு ஒரு ஃபானோ, 8 ஃபானோ ஒரு ரூபாய். ஊர்ப்பெயர் டேனிஷ் காதில் விழுந்தபடி இருக்கும். பொறையாறு 'பொரையார்' ஆவது எளிது. சிலதை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். தமிழர் வேலை அங்கே தொடங்குகிறது.

அரைப்புள்ளி · 20 சனவரி 2024

வைக்கிங்கை விட மனமில்லாதவருக்கும் தரங்கம்பாடி உண்டு. 1620களில் டான்ஸ்போர்க் கோட்டையில் பீரங்கிக்காரராக இருந்த யோன் ஓலாஃப்சொன் ஐஸ்லாந்துக்காரர். வெடிமருந்து விபத்தில் கை சிதைந்து ஊர் திரும்பி, 1661இல் ஐஸ்லாந்து மொழியில் தன் கதையை எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையை ஐஸ்லாந்து மொழியில் படிக்கலாம். இன்னொரு தொடுப்பு: பழைய நோர்ஸ் இலக்கணத்தை 1811இல் எழுதிய ராஸ்முஸ் ராஸ்க் பிறகு இந்தியாவும் இலங்கையும் வந்து ஓலைச்சுவடிகளோடு கோபன்ஹேகன் திரும்பினார்.

தென்கரை · 22 சனவரி 2024

காப்பகத்திலும் நூலகப் பட்டியலிலும் தேடுகிறவருக்கு: அகரவரிசை நாட்டுக்கு நாடு வேறு. டேனிஷ், நார்வேஜியன் பட்டியலில் 'a' இரட்டித்து வரும் பெயர் முதலில் இராது, வட்டம் போட்ட 'å'வாகக் கொண்டு கடைசியில் கிடக்கும். ஓசெனை (Aasen) முதல் பக்கத்தில் தேடிவிட்டு "நூலகத்தில் இல்லை" என்று எழுதினவர்கள் உண்டு. ஸ்வீடனின் கடைசி மூன்று எழுத்துகளின் வரிசை வேறு. ஐஸ்லாந்தில் தோர்ன் கடைசி எழுத்துகளில் ஒன்று.

ஐஸ்லாந்துப் பெயர்களில் 'சொன்', 'டோத்திர்' குடும்பப் பெயரல்ல. ஸ்னோரி ஸ்டுர்லுசொன் என்றால் ஸ்டுர்லாவின் மகன் ஸ்னோரி. அங்கே பட்டியல் முதல் பெயரில்தான். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது, நம் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கேட்கிற விண்ணப்பப் படிவத்துக்கு.

புதுவிதை · 25 சனவரி 2024

முடிவு: பூக்மோலைப் பேசவும் நடத்தவும், டேனிஷ் வாசிக்க, கோதிக் கையெழுத்து இப்போதிருந்தே. பழைய நோர்ஸ் ஒரு பருவத்துக்கு மேல் வேண்டாம். சாகா ஆசை கொஞ்சம் தள்ளிப்போகிறது. சரிதானே?

ஓலைப்பெட்டி · 25 சனவரி 2024

தரங்கம்பாடிதான் தலைப்பு என்றால் பூக்மோல் எதற்கு? நேராக டேனிஷையே பேசிப் பழகுங்கள். காப்பகத்தில் ஆவணம் எடுத்துத் தருகிறவரோடு பேசியாக வேண்டும், அவர் பேசுவது டேனிஷ். என் முதல் பதிவில் காதை ஒதுக்கிவைத்துப் பேசியது வாசிப்புக்கு மட்டும் சரி.

பழைய நோர்ஸுக்கு ஒரு பருவம் குறைவு. இரண்டு எடுங்கள், முதலாவதில் அட்டவணை, இரண்டாவதில் ஒரு முழுச் சாகா.

அரைப்புள்ளி · 26 சனவரி 2024

அப்புறம் அந்த ஹால்ட்ரெஸ். கணக்கேட்டில் எண்ணைச் சொல்லாக எழுதியிருந்தால் அதன் முழு வடிவம் வரும்: 'ஹால்ட்ரெசின்ஸ்டியுவெ', 50. முன்னால் 'ஹால்' என்று பார்த்ததும் மூன்றில் பாதி என்று ஒன்றரையைப் போட்டுவிடாதீர்கள். கூட்டுத்தொகை இடிக்கும், நாள் முழுக்கத் தேடுவீர்கள்.